அண்டாவுக்குள் ஒரு கடல்

ஜூலை 29, திங்கள்

பிரஷரைத் தினமும் ஒரு டைரியில் எழுதி எடுத்துக்கிட்டு வரணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பேங்கில் ஓசியாக் குடுத்த டைரி ஒண்ணு சும்மாதான் கிடந்தது. ஆனா வெறும் நம்பரை எழுதி என்ன பிரயோஜனம்? எதனால ஏறுதுன்னு தெரிஞ்சாத்தானே வைத்தியம் பாக்க முடியும். அதனால டாக்டர், கொஞ்சம் பொறுமையாப் படியும்.

நான் தவசிமுத்து. கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆவரந்துறையில் தவசிமுத்துன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. கண்டக்டர்னு கேட்டா தெரு நாய்கூட வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். வீட்டில் நானும் என் பெஞ்சாதி பேச்சியும்தான். ஒரே மகன் ராசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மருமகள் அனுசுயா. அவங்களைப் பத்தி எழுத இப்போதைக்கு ஒண்ணும் இல்லை.

எனக்குப் பிரஷர் ஏத்துறது எங்க ஊர் கடற்கரை. காலையில் நடக்கப் போனவன் ஒரு நாள் சும்மா குனிஞ்சு ஒரு பாட்டிலை எடுத்தேன். அதைப் பார்த்துட்டுப் பேரூராட்சியில் 'கடற்கரைத் தூய்மைக் குழுத் தலைவர்'னு அட்டை அடிச்சுக் கழுத்தில் மாட்டிவிட்டுட்டாங்க. குழுவில் வேற ஆள் கிடையாது. தலைவரும் நான்தான், தொண்டனும் நான்தான், பொதுக்குழுவைக் கூட்டினா வாரதும் நான்தான்.

பாட்டில், கப்பு, ஒத்தைச் செருப்பு இதெல்லாம் எனக்குப் பெருசில்லை. துணிதான் பிரச்சினை. இங்க கரையோரம் ஒரு சிவன் கோயில். தோஷம் இருக்கிறவன் அமாவாசைக்கு வந்து, கடல்ல முங்கி, உடுத்தின துணியை அங்கேயே அவுத்து விட்டுட்டு, திரும்பிப் பாக்காம நடந்தா தோஷம் போயிருமாம். கடல் என்ன அவன் வீட்டு அலமாரியா? மறுநாளே எல்லாத்தையும் மணல்ல துப்பிரும். ஒருத்தனும் தொட மாட்டான். தொட்டா அந்தத் தோஷம் ஒட்டிக்கிடுமாம். துப்புரவுக்கு வாரவங்ககூடச் சுத்தித்தான் போவாங்க. சனி பிடிச்ச வேட்டி, நாகதோஷச் சேலை, செய்வினை ஜட்டி, எல்லாத்தையும் இரும்புக் கொக்கியில் மாட்டி இழுக்கிற ஒரே ஆள் நான்தான். எனக்கு இதுவரைக்கும் ஒட்டினது சேத்துப்புண் மட்டும்தான்.

செயல் அலுவலருக்கு ஒரு மனு குடுத்திருக்கேன். கடல்ல துணி விடுறதை அடியோட தடை பண்ணணும்னு. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? நானே ஒரு போர்டு எழுதி நட்டுட்டேன்: 'உன் பாவத்தை உன் வீட்டிலேயே துவைத்துக்கொள்.'

பிரஷர் 160/100. போர்டு நடும்போது எடுத்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

ஊரே தலையா இருந்தது. பேச்சி விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, தேங்கா அரைச்சுப் பால் எடுத்து, சொதி வச்சு, கேரியரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. யாருக்குடின்னு கேட்டேன்.

"வைத்தி ஐயருக்குங்க. பாவம், காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம பரிகாரம் பண்ணி வைக்காரு" என்றாள்.

ஐயர் எப்போலேருந்து எங்க வீட்டுச் சோறு சாப்பிட ஆரம்பிச்சார்னு எனக்குத் தெரியாது. நாடு முன்னேறுது, நல்லதுதான்.

நான் விசிலோட இறங்கிட்டேன். கண்டக்டர் விசில் சாதாரணம் இல்லை டாக்டர். ஒத்தை விசில்னா நில்லு, ரெட்டை விசில்னா போ. சர்வீஸ் முழுக்க எனக்கு இதுதான் பாஷை. வீட்டிலும் இதுதான். ராசு சின்னப்பிள்ளையா இருக்கையில் ரோட்டைத் தாண்டுறதே என் விசிலுக்குத்தான்.

மத்தியானம் வரைக்கும் ஊதி ஊதிக் கன்னம் வலிச்சுப் போச்சு. பாதிப் பேரு என்னைத் திட்டினான், பாதிப் பேரு என்னையும் ஒரு தோஷம்னு நினைச்சுக்கிட்டு ஒதுங்கிப் போனான். ஒரு மொட்டை மட்டும் மனசுல நிக்கான். புதுசா அடிச்ச மொட்டை, சந்தனம் பூசி. கூட ஒரு பொம்பளை. தண்ணிக்குள்ள சட்டையைக் கழட்டி விட்டுட்டு எனக்கு முதுகைக் காட்டி நடந்தான். ஒத்தை விசில் நீளமா அடிச்சேன். ஒரு நொடி நின்னான்.

"ஏ மொட்டை! உன் சட்டையை யாரு, உங்க அப்பனா வந்து பொறுக்குவான்?" என்று கத்தினேன்.

அந்தப் பொம்பளை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கிட்டா. அவன் மறுபடி நடந்துட்டான். திரும்பிக்கூடப் பாக்கலை. திமிரு பிடிச்ச பய.

பேச்சி கேரியரைக் காலியாக் கொண்டுவந்தாள். ஐயருக்கு நல்ல பசி போல.

ஆகஸ்ட் 5, திங்கள்

துணி பொறுக்கினேன். இடுப்பு போச்சு. பிரஷர் பாக்கத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டீக்கடையில் குரூஸ் பிடிச்சுக்கிட்டான். அந்தோணி குரூஸ், ஃபைபர் போட்டுக்காரன். எனக்கு இந்த ஊரில் மிச்சம் இருக்கிற ஒரே சினேகிதன். "கண்டக்டரே, மவன் இந்த வருசம் ஊருப்பக்கமே காணலையே?" என்று கேட்டான். டீ ஆறிப்போச்சுன்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன். டீ ஆறலை.

டாக்டர், நீரும் கேப்பீர். அதனால எழுதிடுறேன். கல்யாணமாகி அஞ்சு வருசமா ராசுக்குப் பிள்ளை இல்லை. பொங்கலுக்கு எல்லாரும் எங்க வீட்டில் கூடியிருந்தோம். அனுசுயாவோட அப்பா ஒரு ஜோசியனைப் பாத்துட்டு வந்து, புத்திர தோஷமாம், தொடர்ந்து மூணு அமாவாசை கடல்ல முங்கித் துணி விடணுமாம்னு ஆரம்பிச்சார். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "பிள்ளை பெறுறதுக்கு ரெண்டு பேரு போதுமே சம்பந்தி, மூணாவதா எதுக்கு ஜோசியன்?" என்றேன். பஸ்ஸில் சொல்லியிருந்தா முன் சீட்டிலேருந்து பின் சீட்டு வரைக்கும் சிரிச்சிருக்கும். இங்கேயும் சம்பந்தியோட தம்பி சிரிச்சான். அனுசுயா மட்டும் கரும்பைக் கீழ வச்சுட்டு உள்ள போயிட்டா. அழுதாளாம். ராசு பையைத் தூக்கிட்டான். வாசப்படியில் நின்னு, "இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றான். அதோட சரி. போன் கிடையாது.

ஒரு ஜோக்கு. அதுக்குப் போயி.

ஆகஸ்ட் 19, திங்கள்

குரூஸ் சாமி வந்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தான். தோளில் வலை, வலை முழுக்க ஈரத் துணி. வாசல்ல தொப்புனு போட்டான்.

"தலைவரே, இந்தாரும் உம்ம மீனு! அந்திக்கு வலை விட்டா விடியக்காலைல வேட்டியும் பாவாடையுமா வருது. போட்டுக்கு அடியில இருக்கிற காத்தாடியில சேலை சுத்தி மோட்டாரு நின்னுபோச்சு. நடுக்கடல்ல அவுத்துக்கிட்டு நிக்கேன், எவ சேலைன்னு தெரியாம!"

"நான் என்னவே பண்ணுவேன்? மனு குடுத்திருக்கேன்."

"மனுவைக் கொண்டு போயி அலைகிட்டக் காட்டும்."

அவன் போனப்புறம் கொக்கியால ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். நடுவில ஒரு சட்டை. நீலக் கட்டம். பாசி பிடிச்சுக் கிடந்தது. மேலேருந்து மூணாவது பொத்தானுக்கு மட்டும் காக்கி நூல்.

கண்டக்டரா இருந்தவனுக்குப் பொத்தான் தைக்கத் தெரியணும். பணப்பை வார் உரசி உரசி மூணாவது பொத்தான்தான் எப்பவும் பிச்சுக்கிடும். எங்க வீட்டில் வேற கலர் நூலே கிடையாது. பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு நீலக் கட்டச் சட்டைக்கு நான் பொத்தான் தைச்சுக் குடுத்தேன், அது வாஸ்தவம். அதுக்காக? காக்கி நூல்ல பொத்தான் தைக்கிறவன் உலகத்தில் நான் ஒருத்தன்தானா? தமிழ்நாட்டில் எத்தனை கண்டக்டர், எத்தனை போலீஸ்காரன்.

பிரஷர் பார்த்தேன். எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒரு நொடி நின்னான். ஒத்தை விசிலுக்கு நிக்கணும்னு வெளியூர் மொட்டைக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 21, புதன்

சட்டையை மூணு தண்ணியில் அலசினேன். சோப்புப் போட்டேன். கொடியில் காயப்போட்டேன். பேச்சி பார்த்துட்டு ஓடிவந்தாள்.

"ஐயையோ, தோஷத் துணியைக் கொண்டு வந்து வீட்டுக் கொடியில போட்டிருக்கீகளே! உங்களுக்குப் புத்தி கித்தி..." கையில் குச்சியோட வந்தவ, கிட்ட வந்ததும் அந்தப் பொத்தானைப் பார்த்தா. குச்சியைச் சுவரில் சாத்திட்டு உள்ள போயிட்டா.

சாயங்காலம் அதைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். வயித்துப் பக்கம் இழுத்துப் பிடிக்குது. ஆனா நல்ல காட்டன். எதுக்கு வீணாக்கணும்? சாப்பிடும்போது பேச்சி ரெண்டாவது தடவை மோர் ஊத்தினா. நான் கேக்கவே இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டீக்கடைக்காரன் எனக்குத் தனி கிளாஸ் வச்சிருக்கான். தோஷச் சட்டை போட்டிருக்கேனாம், கிளாஸ் மூலமாப் பரவுமாம். இவன் கிளாஸ் கழுவுற தண்ணியில பரவாததா? பரவட்டும்னு அவனைக் கட்டிப் பிடிச்சுட்டு வந்தேன்.

ஊருக்கு இதே பேச்சு. கண்டக்டருக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு எல்லாரும் ஆவலாக் காத்திருக்கான். எனக்கு ஜலதோஷம் மட்டும்தான் பிடிச்சிருக்கு. ஐயருக்கு அதுக்கும் ஒரு பரிகாரம் தெரிஞ்சிருக்கும்.

செப்டம்பர் 2, திங்கள், ஆவணி அமாவாசை

இன்னிக்கு விசிலை வீட்டிலேயே மறந்துட்டேன். ரிட்டயர் ஆனப்புறம் முதல் தடவை. கொக்கியை மட்டும் எடுத்துக்கிட்டுக் கரையில் சும்மா நின்னேன். வாரவன் போறவன் மூஞ்சியை எல்லாம் பார்த்தேன். சும்மா, பொழுதுபோக்குக்கு. மொட்டையெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கான். ஒருத்தனுக்கு முடி கொஞ்சம் வளந்து முள்ளு முள்ளா இருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தேன், அவன் மதுரைக்காரன். 'என்ன பெருசு மொறைக்கிற'ன்னு கேட்டான்.

மத்தியானத்துக்கு மேல தெற்கே கோயில் மதிலோரம் ரெண்டு பேரு தண்ணியிலேருந்து ஏறிப் போறது தெரிஞ்சது. தூரம். மணல்ல ஓட முடியலை. நான் போறதுக்குள்ள அலை வந்து காலடியைக்கூட அழிச்சுட்டுப் போயிருச்சு.

பேச்சி சொதி கேரியரோட போனா. காலியாத்தான் வந்தா.

செப்டம்பர் 3, செவ்வாய்

வைத்தி ஐயரை வழியில் பார்த்தேன். "சொதி எப்படி இருந்தது ஐயரே?" என்றேன்.

"எந்தச் சொதி ஓய்?"

"பேச்சி கொண்டு வந்தாளே."

மனுசன் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணும். பொய் சொல்லவும் வரலை, உண்மையைச் சொல்லவும் முடியலை. "அதுவா... பேஷா இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல்லு..." என்று இழுத்தார்.

"சரி, அதை விடும். இந்தப் பிள்ளை இல்லாதவங்க பரிகாரம் இருக்கே. நடுவில ஒரு அமாவாசை விட்டுப்போச்சுன்னா?"

"விடப்படாது ஓய். மூணும் தொடர்ந்து பண்ணணும். ஒண்ணு தப்பினா மறுபடி முதல்லேருந்துதான்." கொஞ்ச நேரம் என் சட்டையையே பார்த்தார். "புரட்டாசி மகாளயத்தோட முடியறது. அப்புறம் அவா இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை."

யாரு 'அவா'ன்னு நான் கேக்கலை.

அதாவது டாக்டர், அக்டோபர் ரெண்டு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு.

செப்டம்பர் 13, வெள்ளி

செயல் அலுவலர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். போனா, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கார்.

"தலைவரே, உங்க மனுவுக்கு விடிவு காலம் வந்தாச்சு! அக்டோபர் ரெண்டு காந்தி ஜெயந்தி. பெரிய அதிகாரி நம்ம பீச்சைக் கூட்ட வாரார். போட்டோ, டிவி எல்லாம் உண்டு. அன்னிக்கே தடை அமல். துணி விடுற இடம் முழுக்கக் கம்பு கட்டி மறைச்சிடறோம். ஒரு கோவணம்கூடக் கடல்ல விழாது!"

"சார், அன்னிக்கு மகாளய அமாவாசை."

"அதனாலதானே தடை? நீங்கதானே எழுதியிருக்கீங்க, 'ஈவிரக்கமின்றித் தடுக்க வேண்டும்'னு. அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க."

"அடுத்த நாளிலேருந்து வைக்கலாமே?"

"உம்ம மனுய்யா இது!" என்றார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு மனு குடுத்தேன். அது ஒண்ணுதான் பாஸாகித் தொலைக்கணுமா?

வெளியே வந்து என் போர்டுகிட்டக் கொஞ்ச நேரம் நின்னேன். எழுத்து நல்லாத்தான் இருக்கு. பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, அதுமேல உக்காந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யோசனை வந்தாச்சு. இட்லி சட்டியைப் பார்த்துக்கிட்டு இருக்கையில் வந்தது. கடலுக்குள்ள துணி போகக் கூடாது, அவ்வளவுதானே? கடலையே வெளியே கொண்டுவந்து வச்சுட்டா?

ஒரு பெரிய அண்டா. அதுல கடல் தண்ணி. முங்கி எந்திரிச்சவன் துணியை அதுல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போகட்டும். கடலும் சுத்தம், அவன் தோஷமும் சுத்தம்.

அண்டாவுக்குக் குரூஸ்கிட்டப் போனேன். அவங்க கோயிலில் திருவிழா அசன விருந்துக்குச் சோறு வடிக்க அண்டா உண்டு, அதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.

"எங்க மாதா கோயில் அண்டாவுல உங்க சனியனைப் பிடிச்சுப் போடவா?" என்று எகிறினான்.

"உம்ம வலையில துணி விழாதுவே. யோசியும்."

யோசிச்சான். வலைன்னதும் அவனுக்கு மதநல்லிணக்கம் வந்துட்டது. "பழசு ஒண்ணு அடி ஓட்டையாகிக் கிடக்கு. அதை எடுத்துக்கிடும். போட்டுக்குப் பூசுற ஃபைபர் பசை வச்சு நானே அடைச்சுத் தாரேன். பாதர் கேட்டா நீரு பதில் சொல்லணும்."

செப்டம்பர் 17, செவ்வாய்

ஐயர் ஒத்துக்கிட மாட்டேன்னுட்டார். அண்டாவுல பரிகாரம் பண்ணச் சாஸ்திரம் இல்லையாம். இத்தனை வருசமா அவரை எதிர்த்து ஊர் முழுக்கக் கத்தினவன், இன்னிக்கு அவர் வீட்டு வாசல்ல உக்காந்து சாஸ்திரம் பேசுறேன்.

"ஐயரே, சின்னச் சொம்புல தண்ணி ஊத்தி, மாவிலை வச்சு, இதான் கங்கைன்னு சொல்லுதீரா இல்லையா?"

"அது ஆவாஹனம் பண்றோம் ஓய்."

"உம்ம சொம்புக்குக் காசியிலேருந்து கங்கை வரும். என் அண்டாவுக்கு அம்பதடி தள்ளி இருக்கிற கடல் வராதா? நான் வாளியில வேற மொண்டு ஊத்துதேன்."

சிரிப்பு வந்துட்டது மனுசனுக்கு. அடக்கப் பார்த்தார், முடியலை. "ஓய், நீர் இதெல்லாம் நம்பறதில்லையே. எதுக்கு இவ்வளவு பாடு?"

நான் மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம் இன்னும் விடலை.

"அன்னிக்கு ஒருத்தன் வருவான். அவன் வந்துட்டு முடிக்காமப் போகக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன்.

ஐயர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மந்திரம் நான் சொல்றேன். தண்ணி நீர் மொண்டு ஊத்தும்" என்றார்.

செப்டம்பர் 18, புதன்

செயல் அலுவலரும் சரின்னுட்டார். 'நவீன துணி சேகரிப்புத் திட்டம்'னு பேர் வச்சு, தானே கண்டுபிடிச்சதா அதிகாரிகிட்டச் சொல்லப் போறாராம். தாராளமாச் சொல்லட்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சியிடம் சொன்னேன். "ஐயர் உப்பு ஒரு கல்லு கூடன்னார். ரெண்டாம் தேதி பாத்துப் போடு. தேங்கா நான் ஒண்ணு கூடுதலா வாங்கியாறேன்."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்னது. "ஐயருக்கா?" என்றாள்.

"ஐயருக்குத்தான்."

"சரிங்க" என்றாள். கண்ணைத் துடைச்சுக்கிட்டா. வெங்காயம் எதுவும் அங்க இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

விழாவுக்காகக் கடற்கரை முழுக்க நானும் குரூசுமாப் பொறுக்கி முடிச்சோம். ஒரு குச்சி கிடையாது. அப்பளம் காயப்போடலாம். சாயங்காலம் பேரூராட்சி ஆள் ஓடிவாரான்.

"தலைவரே, ஒரு மூட்டை குப்பை வேணும். நாளைக்கு அதிகாரி பொறுக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே! ஈரமில்லாம, நாத்தமில்லாம, பாக்க லெட்சணமான குப்பையாக் குடுங்க."

நான் பொறுக்கின குப்பையிலேருந்தே தரம் பிரிச்சு ஒரு மூட்டை கட்டிக் குடுத்தேன். பிரஷர் 170. சந்தோசத்தில் ஏறினதா வேற எதுலயா தெரியலை.

அக்டோபர் 2, புதன், மகாளய அமாவாசை

எல்லாத்தையும் வரிசையா எழுதணும்.

அதிகாரி வந்தார். புதுக் கையுறை, புது விளக்குமாறு. விளக்குமாத்தில் விலைச் சீட்டு தொங்குது. தூவி வச்ச குப்பையைப் பொறுக்கினார், போட்டோ எடுத்தாங்க, நான் குடுத்த ஐஸ்கிரீம் கப்பைக் கையில் வச்சுக்கிட்டுப் பேட்டி குடுத்தார். இளநியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார். இளநிக் கூடு மணல்ல கிடந்தது.

நான் தெற்கே மதிலோரம் அண்டாகிட்ட நின்னேன். சாணி போட்டு மெழுகி, சுத்தி மாக்கோலம் போட்டு, பேச்சியே மஞ்சள் குங்குமம் வச்சிருந்தாள். பக்கத்தில் ஐயர். குரூஸ் வாளி வாளியா மொண்டு ஊத்தினான், ஜெபமாலை கழுத்தில் ஆடுது. சனங்க முதல்ல தயங்கினாங்க. ஐயர், "இதுவும் சமுத்திரம்தான், பயப்படாமப் போடுங்கோ" என்று சொன்னதும் ஒருத்தன் போட்டான், அப்புறம் சரசரன்னு விழுந்தது. நான் நீலக் கட்டச் சட்டை போட்டிருந்தேன். விசில் பையில் இருந்தது.

வெயில் ஏறினப்புறம் வந்தாங்க. தலையில் முடி நல்லா வளந்திருந்தது. மெலிஞ்சிருக்கான். தண்ணியில முங்கி, ரெண்டு பேருமா ஏறி, கையில் ஈரச் சட்டையோட அண்டாவைப் பார்த்து வந்தான். அதுக்கு அந்தப் பக்கம் நான் நிக்கிறதைப் பார்த்ததும் கால் நின்னுட்டது. அனுசுயா முந்தானையைத் தலைக்கு இழுத்தா.

அவன் என் மூஞ்சியைப் பாக்கலை, சட்டையைப் பார்த்தான். மூணாவது பொத்தானைப் பார்த்தான்.

"அப்பா... அது..." என்றான். "அதைக் கழட்டுங்கப்பா. அது ஒட்டிக்கிடும்."

"ஒரு மாசத்துக்கு மேல போட்டுக்கிட்டுத்தான் திரியுதேன்."

"அப்பா, அது புத்திர தோஷம்ப்பா!"

"ஒட்டட்டும்லே. எனக்கென்ன, இந்த வயசுல இனிமே பிள்ளையா பெறப் போறேன்?"

வாயிலேருந்து வந்தப்புறம்தான் ஐயோன்னு ஆச்சு. பொங்கலுக்குச் சொன்ன அதே மாதிரி ஒரு சனியன் பிடிச்ச ஜோக்கு. மறுபடி எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. அனுசுயா. முந்தானையை வாயில் வச்சு அடக்கிப் பார்த்தா, முடியலை, குலுங்கிச் சிரிச்சா. தலையிலேருந்து சேலை நழுவிப் போச்சு. கண்ணுல தண்ணி. "நல்லா சொன்னீங்க மாமா" என்றாள். ஐயர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டார், தோள் மட்டும் ஆடுது. டாக்டர், அந்தப் பிள்ளை சிரிச்சதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துட்டது. மறைக்கலை.

"உன்னை அன்னிக்கு அழவச்சுட்டேன் தாயி. மனசுல வச்சுக்கிடாதே" என்றேன்.

ராசு வந்து என் கையைப் பிடிக்கப் போனான். நான் கொக்கியை நடுவில் நீட்டினேன். "இரு. முதல்ல சட்டையை அண்டாவுல போடு. மந்திரத்தை வாங்கிக்கோ. அப்புறம் நேரா வீட்டைப் பாத்து நட. அங்க உங்க அம்மா சொதி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வழியில திரும்பிப் பாக்காதே."

"நீங்களாப்பா இதைச் சொல்லுதீங்க?"

"நான் நம்பலை. நீ நம்புதேல்லா? முழுசாப் பண்ணு. மூணாவதுல வந்து கெடுத்துட்டு, மறுபடி முதல்லேருந்து அலையாதே. நான் உன் பின்னாலயே வாரேன்."

போட்டான். ஐயர் மந்திரம் சொன்னார். ரெண்டு பேரும் முதுகைக் காட்டி நின்னாங்க. ஆனா கால் நகரலை. தலை மட்டும் லேசா இந்தப் பக்கம் சாயுது, திரும்பிருவான் போல இருந்தது. எனக்குப் பதறிப் போச்சு. பையிலேருந்து விசிலை எடுத்தேன்.

ரெட்டை விசில் அடிச்சேன்.

நடந்தான். சின்னப்பிள்ளையில் ரோட்டைத் தாண்டுற மாதிரியே, குனிஞ்ச தலை, வேகமா. நான் பின்னாலயே போனேன். கடற்கரையிலேருந்து வீடு வரைக்கும் அவன் முதுகோட பேசிக்கிட்டே போனேன். மழை, குரூஸ் வலை, டீக்கடைக்காரன் கிளாஸ், மனு பாஸான கதை எல்லாம். அவன் திரும்பவே இல்லை. "ம்" மட்டும் கொட்டினான். ஒவ்வொரு "ம்"முக்கும் குரல் உடைஞ்சுக்கிட்டே போச்சு.

அக்டோபர் 3, வியாழன்

துணியையெல்லாம் வெளுத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியாச்சு, கிரீஸ் துடைக்க. அண்டாவை ஐப்பசிக்கும் வச்சுக்கிடும்னு குரூஸ் சொல்லிட்டான். அதிகாரி போட்ட இளநிக் கூட்டை நான்தான் பொறுக்கினேன்.

பிள்ளைகள் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பாங்க. சொதி ரெண்டு தடவை வச்சாச்சு. பிரஷர் எடுக்கிற மிஷினை ராசு வாங்கி வச்சுக்கிட்டான், நான் சும்மா சும்மா பார்க்கிறேனாம்.

நேத்து கொக்கியை நீட்டின வேகத்தில் அந்த மூணாவது பொத்தான் பிச்சுக்கிட்டது. அனுசுயா கேட்டு வாங்கி உக்காந்து தைச்சுக் குடுத்தா. வீட்டில் காக்கி நூல்தான் இருந்தது.